தலைக்கு ஊத்தி ரெண்டு மாசம்

சனிக்கிழமை காலையில் அம்மாவும் மகளும் ஒன்றாகப் படியேறி வந்தார்கள். மகளுக்குப் பதினைந்து வயது, படிவம் மூன்று. அம்மாவுக்கு முப்பத்தெட்டு. மகளுக்கு நெற்றியிலும் மூக்கிலும் பரு. அம்மாவுக்குத் தாடையிலும் முகவாயிலும். இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்காரவைத்து விளக்கைப் போட்டபோது எனக்கு உற்சாகமாகிவிட்டது. நான் படித்த பாடப்புத்தகத்தில் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்த இரண்டு வகைப் பருவும் எழுந்து வந்து உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

நான் அந்த வேலையில் சேர்ந்து அப்போது நான்கு மாதம். ரிங்லெட் என்ற மலைச் சிற்றூரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையின் மாடியில் எங்கள் முகப் பராமரிப்பு அறை. இரண்டு கட்டில், ஓர் ஆவி மெஷின், கண்ணாடி அலமாரி நிறைய குழாய்களும் புட்டிகளும். முதலாளியம்மா ஈப்போவிலிருந்து வாரத்தில் மூன்று நாள் வரும் சீனப் பெண்மணி. மற்ற நாள்களில் அறை என் பொறுப்பு. தமிழ் ஆள்கள் வந்தால் எந்த நாளானாலும் என் பொறுப்பு. மலாயில் அச்சடித்த ஓர் அட்டை உண்டு. அதில் உள்ள கேள்விகளைத் தமிழில் கேட்டு, பதிலை மலாயில் எழுத வேண்டும். அதை நான் வேகமாகச் செய்வேன். வேகத்தில் எனக்குப் பெருமை இருந்தது.

மகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அந்த வயதில் உடம்பு எண்ணெயை அள்ளிக் கொட்டும், துவாரங்கள் அடைத்துக்கொள்ளும், கரும்புள்ளி, வெண்புள்ளி, சின்னச் சின்னச் சிவப்புப் பருக்கள். முகத்தின் மேல்பாதியில் நிற்கும். அழுக்கெடுக்கும் ஃபேஸ்வாஷ் ஒன்று, பருவின் மேல் வைக்கும் ஜெல் ஒன்று, கிள்ளாமல் இருக்கக் கொஞ்சம் பயமுறுத்தல். பெரும்பாலும் போதும்.

"கிள்ளுறியா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா."

"பொய் சொல்றா," என்றார் அம்மா. "கண்ணாடி முன்னால நின்னா நகத்துலயே ஆப்பரேஷன் பண்ணுவா."

"நீங்க மட்டும்? சாமணத்த வச்சு தாடையில எதையோ புடுங்கிக்கிட்டு இருக்கீங்க?"

"வாய மூடு."

அந்த அம்மாவை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவருக்கு நான் தங்கச்சி. ரிங்லெட்டுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டுகிறார். இப்போது அந்தத் தேயிலைக் காட்டில் தமிழ்ப் பெண்கள் சிலர்தான். மற்றவர்கள் இந்தோனேசியாவிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். கத்திரியின் ஒரு பக்கத்தில் பை கட்டி, பிடித்து நடந்து, வெட்டி வெட்டி அக்காவின் வலது தோள் தேய்ந்துவிட்டது. தோட்டத்தின் டீ ஹவுஸில், சுற்றுலா வருகிறவர்களுக்கு டீயும் கேக்கும் கொடுக்கும் கவுண்டரில் ஓர் இடம் காலியாகியிருந்தது. ஆறு வாரத்தில் நேர்முகம். தோட்ட மேனேஜரை அங்கே துரை என்பார்கள்; அவரே நேரில் பார்ப்பாராம்.

"சிங்கப்பூர்க்காரன்லாம் வர்ற இடம் தங்கச்சி. இந்த மூஞ்சியோட போய் நின்னா டீ வாங்குவானா? ஆறு வாரத்துல போகுமா?"

"போகும்க்கா," என்றேன். யோசிக்காமல் சொன்னேன்.

"காட்டுல கூட நிம்மதி இல்ல. இந்த வயசுல உனக்கு எதுக்குடி வயசுப் பரு, யாரு மேல ரிண்டுன்னு கேக்குறாளுங்க."

ரிண்டு என்றால் மலாயில் ஏக்கம். யாரையாவது நினைத்து ஏங்கினால் பரு வரும் என்று ஒரு கேலி. தோட்டத்து லைன் வீடுகளில் பருவுக்கு வயசுப் பரு என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. பதினைந்தில் வந்தால் அதை யாரும் கண்டுகொள்வதில்லை. முப்பத்தெட்டில் வந்தால் அது நடத்தை பற்றிய செய்தியாகிவிடுகிறது.

அட்டையில் தலைமுடியைப் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது. எத்தனை நாளுக்கு ஒரு முறை அலசுகிறார், எண்ணெய் வைக்கிறாரா. முடி எண்ணெய் வழிந்தும் பரு வரும் என்பதால் கேட்பது. நான் கேட்டேன்.

"தலைக்கு எப்பக்கா ஊத்துனீங்க?"

அக்கா மகளைப் பார்த்தார். மகள் போனில் இருந்தாள். அக்கா என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"அது ஆச்சு தங்கச்சி. ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கும்."

"ரெண்டு மாசமா?"

"மெதுவா பேசும்மா. எனக்கு எப்பவுமே அப்படித்தான். போன வருசம் மூணு மாசம் தள்ளிப்போச்சு."

மேட்டு நிலத்துக் குளிரில் தலை அலசுவதைத் தள்ளிப்போடுகிறவர்களை எனக்குத் தெரியும். ஆனாலும் மூன்று மாதம் அதிகம். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் பேசினேன்.

"அப்படித் தள்ளிப்போடக் கூடாதுக்கா. வாரத்துக்கு ரெண்டு தடவயாச்சும் வேணும்."

"வாரத்துக்கு ரெண்டு தடவயா!" அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்புறம் மனுசி உசுரோட இருக்குறதா? இது நம்ம கையிலயா இருக்கு?"

"ஏன் இல்ல? ஹீட்டர் இல்லன்னா அடுப்புல தண்ணி காய வைங்க."

"சுடுதண்ணியெல்லாம் பாத்தாச்சு. எள்ளு கூட எடுத்துப் பாத்தேன். ஒண்ணும் கேக்கல."

எள் என்றதும் எனக்கு நல்லெண்ணெய் நினைவுக்கு வந்தது. சட்டென்று எல்லாம் பொருந்தியது. தலையில் நல்லெண்ணெய், மாதக்கணக்கில் அலசாத முடி, வெயிலுக்கும் குளிருக்கும் தலையைச் சுற்றித் தாடைக்குக் கீழே முடிச்சுப் போடும் துணி. எண்ணெய் துணியில் ஊறி, துணி தாடையில் உரசி, உரசும் இடத்தில் பரு. ஒரு துப்பறிவாளர் மாதிரி அதை அட்டையில் எழுதினேன். அம்புக்குறி கூடப் போட்டேன்.

அடுத்த கேள்வி மாதவிடாய் பற்றியது. காரணம் கிடைத்துவிட்டது, மகள் வேறு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், எதற்குக் கூச்சப்படுத்த வேண்டும் என்று நினைத்தேன். 'ஒழுங்காக வருகிறது' என்ற கட்டத்தில் நானே டிக் போட்டேன்.

இருவருக்கும் ஒரே ஃபேஸ்வாஷ், ஒரே ஜெல். அக்காவுக்குக் கூடுதலாக ஒரு ஷாம்பூ. அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"தலைக்குத்தான்."

"சரி," என்றார். படித்த பெண் சொல்வதை மறுக்கக் கூடாது என்ற முகத்தோடு பையில் போட்டுக்கொண்டார்.

நான்காவது வாரம் திரும்பி வந்தார்கள். மகளின் நெற்றியில் புதிதாக ஒன்றுமில்லை, பழையவை வற்றிக்கொண்டிருந்தன. முன்முடியைப் பின்னுக்கு வாரி க்ளிப் போட்டிருந்தாள். அக்காவின் முகம் மோசமாகியிருந்தது. கன்னம் காய்ந்து தோலுரிந்தது. மூக்கின் ஓரம் வெடித்திருந்தது. தாடைப் பருக்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவை தோலுக்கு மேலே நிற்கும் ரகமில்லை. தொட்டால் உள்ளே பட்டாணி மாதிரி உருளும், அழுத்தினால் வலிக்கும். வற்றிய இடத்தில் கறுப்புத் தழும்பு உட்கார்ந்துவிடும்.

"எனக்குப் போயிருச்சு, அம்மாவுக்குப் போகல," என்றாள் மகள். "ஒரே மருந்துதானே போட்டோம்?"

நல்ல கேள்வி. பதினைந்து வயதுத் தோலுக்கு எண்ணெய் மிச்சம். என்ன காரத்தைப் போட்டாலும் ஓரளவு தாங்கும். முப்பத்தெட்டு வயதுத் தோல் பருவையும் வறட்சியையும் ஒன்றாக வைத்திருக்கும். அதன் மேல் மலைக்காற்று, மலை வெயில். அதற்குக் காரம் குறைந்த கழுவல், ஈரப்பதம் காக்கும் கிரீம், சன்பிளாக், நிறையப் பொறுமை. முக்கியமாக, பரு மாதத்தோடு சேர்ந்து வந்து போகிறதா என்ற விசாரணை. இவ்வளவையும் நான் பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன். அன்று சொன்னது வேறு.

"அம்மா தலைக்கு ஒழுங்கா ஊத்தல. அதான்."

அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு, "இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு," என்றார்.

அந்த அவசரத்துக்கு நான் அலமாரியிலிருந்து எடுத்தது ரெட்டினால் கிரீம். தோலைப் புதுப்பிக்கும், சரியான ஆளுக்கு நன்றாக வேலை செய்யும். குழாயின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இரண்டு எச்சரிக்கைகள் இருக்கும். வெயிலில் கவனம். கர்ப்பிணிகள் உபயோகிக்கக் கூடாது. முதலாவதைப் படித்துக் காட்டினேன். இரண்டாவதைப் படிக்கவில்லை. அட்டையில்தான் 'ஒழுங்காக வருகிறது' என்று இருந்ததே.

அது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் என் அம்மா யாரிடமோ போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு என்னிடம் செய்தி சொன்னார்.

"கம்போங் ராஜாவுல உங்க மாமா மருமக முழுகாம இருக்காளாம்."

"ஏன், அங்க தண்ணி வரலயா?"

அம்மா என்னை முறைத்தார். நான் கிண்டல் செய்யவில்லை என்று தெரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்காமல் இருமல் வந்தது.

"எரும! முழுகாம இருக்கான்னா வயித்துல புள்ள இருக்குன்னு அர்த்தம். மாசாமாசம் வீட்டுக்குத் தூரம் முடிஞ்சு தலைக்கு ஊத்துவாங்கல்ல? அது நின்னு போச்சுன்னா முழுகல. இது கூடத் தெரியாம நீ என்ன தமிழ்ப் பள்ளிக்கூடத்துல படிச்ச?"

பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லித்தரவில்லை. பதிமூன்று வயதில் விடுதிக்குப் போய்விட்டேன். எனக்கும் அம்மாவுக்கும் இடையே அந்தச் சமாசாரத்தின் பெயர் பீரியட்.

"அப்ப, தலைக்கு ஊத்தி ரெண்டு மாசம் ஆச்சுன்னா?"

"ரெண்டு மாசமா வரலன்னு அர்த்தம். யாருக்கு?"

நான் போனைத் தேடினேன். வாரத்துக்கு இரண்டு தடவை. அடுப்பில் தண்ணீர். எள் என்பது எண்ணெய் அல்ல; நின்றதை வரவைக்கச் சாப்பிடும் எள். அன்றைக்குப் பேசியது ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து வேறு முகத்தோடு நின்றது. கடைசியாக அந்தக் குழாயின் பொடி எழுத்து.

அக்காவின் போனுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மாலையில் அடித்தேன். மகள் எடுத்து, அம்மா கோவிலுக்குப் போயிருக்கிறார், நாளைக்குக் காட்டில் இருப்பார் என்றாள். "அந்தப் புது மருந்த இன்னிக்குப் போட வேணாம்னு சொல்லு. கட்டாயம் சொல்லு," என்றேன். ஏன் என்று கேட்டாள். "காரம் ஜாஸ்தி," என்றேன்.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்குப் போனேன். சரிவின் ஓரத்தில் தகரக் கொட்டகை. பெண்கள் சோற்றுப் பாத்திரங்களைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன தங்கச்சி, இங்கயே வந்துட்ட? மூஞ்சி கழுவ இங்க தண்ணி இல்லலா."

"ஒரு நிமிசம் தனியா வாங்கக்கா."

"தனியா என்னடி ரகசியம்? மாப்பிள்ள பாக்க வந்துருக்கா?" என்றது கொட்டகையிலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள்.

தேயிலை வரிசைகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் இறங்கினோம்.

"அந்தக் குழாய் போட்டீங்களா?"

"ரெண்டு ராத்திரி போட்டேன். நெருப்பா எரியுது. நேத்து நீ வேணாம்னு சொன்னியாம், விட்டுட்டேன்."

"இனிமே தொடாதீங்க. அக்கா, நீங்க முழுகாம இருக்கீங்களா?"

அந்தச் சொல்லை வாழ்க்கையில் முதல் முறையாகச் சொன்னேன். அக்கா கொட்டகைப் பக்கம் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எவடி சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்க. தலைக்கு ஊத்தி ரெண்டு மாசம்னு."

"நான் சொன்னேன். நீதான் வாரத்துக்கு ரெண்டு தடவ வேணும்ன."

"நான் முடி அலசுறத கேட்டேன்."

அவர் வாய் திறந்தபடி நின்றார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கியதும் வலி வந்து மறுகையால் பிடித்துக்கொண்டார். "அடிப்பாவி. பைத்தியக்காரப் புள்ளயா இருக்காளேன்னு வீட்டுல போய் சொன்னேன். ஷாம்பூவ வேற குடுத்த." சிரிப்பு பாதியில் நின்றது. விரல் விட்டு எண்ணினார். "இப்ப மூணு மாசம் ஆச்சு. நிக்கிற வயசு வந்துருச்சுன்னு நெனச்சேன். எங்க அம்மாவுக்குச் சீக்கிரமே நின்னு போச்சு."

"டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

"இல்ல." கத்திரி பிடித்துக் காய்த்த விரலால் ஓர் இலையைக் கிள்ளினார். "அப்படி ஏதாச்சும்னா கவுண்டர் வேல போச்சு. வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கிறவள எவன் எடுப்பான்?" பிறகு, "அந்த மருந்து உள்ள ஏதாச்சும் பண்ணுமா?" என்றார்.

"ரெண்டு நாள்ல ஒண்ணும் ஆயிருக்காதுன்னு நெனைக்கிறேன். டாக்டர்தான் சரியா சொல்லணும்."

"நெனைக்கிறியா? அன்னிக்கு எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசுன."

மருந்துக் கடையில் வாங்கி வைத்திருந்த பரிசோதனைப் பொட்டலத்தை நீட்டினேன். அவர் அதைத் தலைத்துணியின் மடிப்புக்குள் செருகிக்கொண்டு மேலே ஏறினார்.

மறுநாள் விடிந்ததும் போனில் குரல் பதிவு வந்தது. "ஒரு கோடுதான்." அவ்வளவுதான். அப்படியானால் கர்ப்பமில்லை. சந்தோஷமா வருத்தமா என்று குரலில் தெரியவில்லை. மூன்று தடவை கேட்டுப் பார்த்தேன், தெரியவில்லை.

அன்றைக்கே முதலாளியம்மாவிடம் சொன்னேன். அட்டையை வாங்கி, அம்புக்குறியைப் பார்த்தார், டிக்கைப் பார்த்தார். "இந்த டிக்கை யார் போட்டது?" என்று மலாயில் கேட்டார். நான் என்றேன். "அவங்க சொன்னாங்களா?" இல்லை என்றேன். அவர் கத்தவில்லை. ரெட்டினால் அடுக்கைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். சாவி வெகு நாள் அங்கேயே இருந்தது.

அரசாங்கக் கிளினிக்குக்கு அக்காவோடு நானும் போனேன். அங்கே ஒரு தமிழ் மிஸி, நர்ஸம்மா. "கடைசி பீரியட் என்னிக்கு வந்துச்சு? ஒழுங்கா வருமா? தாடையில முடி வருதா?" என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டு எழுதிக்கொண்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அக்காவும் கூச்சமில்லாமல் பதில் சொன்னார். சாமணத்தால் தாடையில் பிடுங்கிக்கொண்டிருந்தது என்னவென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார், ஸ்கேனுக்கு எழுதினார். ஹார்மோன் கோளாறாக இருக்கும் என்று அன்றே சொன்னார்; சினைப்பையில் நீர்க்கட்டிகள் என்று பிறகு முடிவு வந்தது. அந்த இரண்டு ராத்திரி கிரீமுக்காகக் கவலைப்பட வேண்டாம் என்றார். மாத்திரை கொடுத்தார். மாதம் சீராகாமல் பரு போகாது, முகம் தெளிய ஆறு மாதமாவது ஆகும் என்றார்.

"ஆறு மாசமா? எனக்கு ஒம்போது நாள்தான் இருக்கு டாக்டர்," என்றார் அக்கா.

டாக்டர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

அந்த ஒன்பது நாளில் நான் செய்தது மிகக் குறைவு. ஜெல்லை நிறுத்தினேன். மிதமான கழுவல், வெறும் ஈரப்பத கிரீம், சன்பிளாக். தோலுரிவது நின்றது, எரிச்சல் அடங்கியது. தாடைப் பருக்கள் அசையவில்லை. பவுடர் போட்டு மறைக்கலாமா என்று கேட்டார். மெல்லியதாகப் போடச் சொல்லிக் கொடுத்தேன்.

நேர்முகம் முடிந்த மறுநாள், வேலை உடுப்போடு, தலைத்துணியை அவிழ்க்காமல் மாடி ஏறி வந்தார். முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். முகவாய்ப் பரு ஒன்று புதிதாகப் பழுத்திருந்தது.

"என்னாச்சுக்கா?"

"மலாயில கேட்டாரு, இங்கிலீசுல கேட்டாரு. ஒரு ட்ரேய தூக்கி நடந்து காட்டச் சொன்னாரு. நடந்தேன். மூஞ்சிய பாக்கவே இல்ல தங்கச்சி. அத்தன பவுடரும் தெண்டம்."

"அப்புறம்?"

"கையத்தான் பாத்தாரு." இரண்டு கைகளையும் விளக்கின் கீழே நீட்டினார். விரல் இடுக்குகளிலும் நகக் கண்களிலும் கொழுந்துக் கறை, பழுப்பும் கறுப்புமாக வரி வரியாக ஏறியிருந்தது. "சாப்பாடு குடுக்குற கை, இது கழுவுனா போகுமான்னு கேட்டாரு. போகும் துரைன்னுட்டேன். ஒண்ணாம் தேதி வரச் சொல்லிருக்காரு. வந்து காட்டணுமாம். பதினோரு நாள் இருக்கு. போகுமா?"

நான் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எலுமிச்சை, சர்க்கரை, பல் விளக்கும் பிரஷ் என்று மூன்று யோசனைகள் உடனே வந்தன. எதையும் நான் முன்பு செய்து பார்த்ததில்லை.

"தெரியலக்கா," என்றேன். "இனிமே கறை படாம இருக்க கையுறை போட்டு வெட்ட விடுவாங்களா?"

"கையுறை போட்டா கத்திரி வழுக்கும்."

"எந்த விரல்ல வழுக்கும்?"

அவர் மேசை மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்துப் பிடித்துக் காட்டினார். நான் பக்கத்தில் குனிந்து பார்த்தேன்.